உள்நாட்டு விமானத்துக்கு எந்த அடையாள அட்டை? அமெரிக்காவில் குடியேறியோருக்கான ஒப்பீடு

அமெரிக்காவுக்குள் விமானத்தில் பயணம் செய்யும் பதினெட்டு வயது நிறைந்த எவரும், 2025 மே 7 முதல், ரியல் ஐடி எனப்படும் கூட்டரசுத் தரத்திலான ஓட்டுநர் உரிமத்தையோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் வேறோர் அடையாளத்தையோ பாதுகாப்புச் சோதனையில் காட்ட வேண்டும். இதற்காக 2005-இல் இயற்றப்பட்ட ரியல் ஐடி சட்டம் பல முறை தள்ளிப்போடப்பட்டு, இருபது ஆண்டுகள் கழித்தே விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, ‘ரியல் ஐடி இல்லாவிட்டால் விமானம் ஏற முடியாது’ என்ற பேச்சு நம்மவர்களிடையே வேரூன்றிவிட்டது. அது சரியன்று. போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏ வெளியிட்டுள்ள பட்டியலில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, கிரீன் கார்டு, ஈஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஆகவே பெரும்பாலான குடியேறியவர்களிடம் செல்லுபடியாகும் அடையாளம் ஒன்றாவது ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுள் எதை நம்பிப் பயணம் செய்வது, ரியல் ஐடிக்காக அலைவது யாருக்குப் பயன்தரும் என்பவையே ஆராய வேண்டியவை.

எச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (படிப்பு), எச்-4 (எச்-1பி பணியாளரின் குடும்பத்தார்) போன்ற தற்காலிக விசாக்களில் இருப்போரிடமிருந்து தொடங்கலாம். போட்டி கடுமையாக இருப்பது இவர்களுக்குத்தான். ஒரு பக்கம் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு. மறு பக்கம் நட்சத்திரக் குறியிட்ட ரியல் ஐடி உரிமம். கடவுச்சீட்டுக்குப் புதிதாக எந்த விண்ணப்பமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அதில் ஒட்டப்பட்டுள்ள விசா காலாவதியாகியிருந்தாலும் உள்நாட்டுப் பயணத்துக்கு அது தடையாகாது. விசா என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி, சோதனை மேசையில் பார்க்கப்படுவதோ ஆள் யார் என்பது மட்டுமே. எதிர்ப்பக்கத்தில், கடவுச்சீட்டு தொலைந்தால் ஏற்படும் இழப்பு பெரிது. காவல்துறைப் புகார், தூதரக விண்ணப்பம், அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு மறுபடியும் விசா ஸ்டாம்பிங் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அனுப்பிவிட்ட வாரங்களில் அது கையில் இருக்கவும் இருக்காது.

ரியல் ஐடி இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. ஆனால் தற்காலிக விசாவினருக்குத் தரப்படும் ரியல் ஐடி, குடிமக்களுக்குத் தரப்படுவதைப் போன்றதன்று. அவர்களுடைய அனுமதிக்காலம் முடியும் நாளிலேயே உரிமமும் முடிந்துவிடும். முடிவுத் தேதி குறிக்கப்படாத நிலையில் இருப்போருக்கு ஓராண்டுக்கு மேல் கிடைக்காது. அட்டையின் முகப்பிலேயே அது தற்காலிகமானது என்று அச்சிட்டிருப்பார்கள். எச்-1பி நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலையைத் தொடரச் சட்டம் 240 நாள் வரை இடம் தருகிறது. ஆனால் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள பழைய தேதியுடன் உரிமம் முடிந்துபோகும். காலாவதியான அடையாளங்களை இரண்டு ஆண்டுகள் வரை டிஎஸ்ஏ ஏற்பதாக அறிவித்திருப்பதால் அந்த அட்டையைக் காட்டி விமானம் ஏறிவிடலாம், இறங்கிய ஊரில் வாடகைக் கார் எடுக்க முடியாது. குடியேற்ற நிலையோடு சேர்ந்தே உரிமம் விழுகிறது, கடவுச்சீட்டோ அதன் பாட்டுக்கு நிற்கிறது என்ற இந்த வேறுபாட்டைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதனால் என் பரிந்துரை இதுதான்: உரிமத்தைப் புதுப்பிக்க எப்படியும் டிஎம்வி எனப்படும் மாநில வாகன உரிம அலுவலகத்துக்குப் போக வேண்டிய தருணத்தில் ரியல் ஐடியாகவே கேட்டு வாங்குங்கள், அதற்காக மட்டும் விடுப்பு எடுத்துத் தனியாக அலைய வேண்டாம். பல மாநிலங்களில் கூடுதல் கட்டணம் இல்லை. பென்சில்வேனியாவில் புதுப்பித்தல் கட்டணத்துக்கு மேல் ஒரே ஒரு முறை 30 டாலர் வாங்குகிறார்கள்.

போகும்போது கடவுச்சீட்டு, ஐ-94 அச்சுப்படி, விசா வகைக்கேற்ப ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் அறிவிப்பு) அல்லது ஐ-20 (மாணவருக்கான கல்லூரிச் சான்று), சமூகப் பாதுகாப்பு எண், வசிக்கும் முகவரிக்கு இரண்டு சான்றுகள் ஆகியவை வேண்டும். இறுதியாகச் சொன்ன முகவரிச் சான்றில்தான் எச்-4 விசாவில் வந்த மனைவியரோ கணவரோ தடுமாறுகிறார்கள். வீட்டு ஒப்பந்தம், மின் கட்டணம், இணைய இணைப்பு எல்லாம் வேலை பார்ப்பவர் பெயரிலேயே இருக்கும். வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே வீட்டு ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் எழுதச் சொல்வதும், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குவதும் இந்தச் சிக்கலை முளையிலேயே கிள்ளிவிடும். வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது; சில மாநிலங்கள் அந்த எண்ணைப் பெறத் தகுதியில்லை என்ற கடிதத்தைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வாங்கி வரச் சொல்கின்றன.

ஆவணங்களைக் கொடுத்ததும் டிஎம்வி அவற்றை ‘சேவ்’ என்ற கூட்டரசுத் தரவு முறையில் சரிபார்க்கும். உடனே விடை வந்தால் நல்லது. வராவிட்டால் மேல் சரிபார்ப்புக்குப் போய் நாட்களோ வாரங்களோ ஆகலாம். இடைக்காலத்தில் தரப்படும் காகித உரிமத்தை டிஎஸ்ஏ ஏற்பதில்லை. பழைய அட்டையில் துளையிட்டுத் திருப்பித் தரும் மாநிலங்களும் உண்டு என்பதால், அந்த இடைவெளியில் பயணம் இருந்தால் கடவுச்சீட்டுதான் துணை.

தமிழர்களுக்கென்றே இங்கே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும், பெயர்க் கட்டத்தில் ‘செந்தில்குமார்’ என்பது போன்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். ஐ-94 பதிவையும் விசாவையும் பார்த்து எழுதப்படும் உரிமத்திலும் அந்த மூன்று எழுத்துகள் ஏறிவிடுகின்றன. பயணச்சீட்டிலோ, இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் இணையதளம் விடாததால், ஒரே பெயரை இரண்டு முறை எழுதியிருப்போம். பயணச்சீட்டுப் பெயரும் காட்டும் அடையாளமும் ஒத்திருக்க வேண்டும் என்பது டிஎஸ்ஏ விதி. ஆகையால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறோம் என்று முடிவு செய்து, அதிலுள்ளபடியே பெயரை எழுத வேண்டும். ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவதென்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த கடவுச்சீட்டுப் புதுப்பித்தலின்போது பெயரை இரண்டாகப் பிரித்துவிடுவது நிலையான தீர்வு. ஆனால் அதன் பிறகு விசா, ஐ-94, சமூகப் பாதுகாப்பு, உரிமம் என்று எல்லாப் பதிவுகளையும் வரிசையாகத் திருத்தும் பொறுமையும் வேண்டும்.

சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு இந்தக் குழப்பமெல்லாம் தேவையில்லை. அவர்களுக்குக் கடவுச்சீட்டு போதும்.

கிரீன் கார்டு வைத்திருப்போருக்கு ஒப்பீடு எளிது. அந்த அட்டையைக் காட்டியே பறக்கலாம். பதினெட்டு வயது நிறைந்த நிரந்தரக் குடியிருப்பாளர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால் ரியல் ஐடி தேவையற்றது போலத் தோன்றும். இருந்தாலும் ஒவ்வொரு விமான நிலையத்திலும் அதை வெளியே எடுத்து, தட்டில் வைத்து, அவசரத்தில் மறந்துவிடும் வாய்ப்பை ஏன் வளர்க்க வேண்டும்? தொலைந்த கிரீன் கார்டுக்கு மாற்று வாங்க இணையவழி விண்ணப்பத்துக்கு 415 டாலரும் காகித விண்ணப்பத்துக்கு 465 டாலரும் கட்டணமாக விதித்தார்கள்; கிடைக்க மாதங்கள் ஆகும். ரியல் ஐடியைக் காட்டிவிட்டுக் கிரீன் கார்டைப் பையின் உள்ளறையிலேயே வைத்திருப்பதே நல்லது. உடன் வைத்திருக்கும் கடமை 2025 ஏப்ரல் முதல் மற்றவர்களுக்கும் கடுமையாக்கப்பட்டிருக்கிறது: பதினெட்டு வயது கடந்த, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் அரசிடம் பதிவு செய்ததற்கான சான்றை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். விசாவில் இருப்போருக்கு ஐ-94 அந்தச் சான்றாகும். ரியல் ஐடி அதற்கு மாற்றாகாது.

புகலிடம் கோரியோரின் நிலை வேறு. தம் நாட்டு அரசிடமிருந்து தப்பி வந்த ஓர் ஈழத் தமிழர் இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால், அதே அரசுக்கு அஞ்சுவதாகக் கூறும் அவருடைய வழக்கே கேள்விக்குள்ளாகலாம். கடவுச்சீட்டு என்ற வழி அவருக்கு ஏறத்தாழ அடைபட்டதுதான். எனவே ஈஏடி அட்டையே முதன்மையான அடையாளமாகிறது. அது வந்ததும் தாமதிக்காமல் ரியல் ஐடிக்கு விண்ணப்பிப்பது, ஒன்று இல்லாதபோது மற்றொன்று கைகொடுக்கும் என்பதற்காகவேனும் அவசியம். 2025 டிசம்பர் முதல், அகதிகள், புகலிடம் பெற்றோர், கோரியோர், கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் ஆகியோருக்கான ஈஏடி ஐந்தாண்டிலிருந்து பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தாலே தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பும் பெரும்பாலோருக்கு இல்லை. புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அனுமதிக்கப்பட்ட முதல் நாளிலேயே விண்ணப்பிக்க வேண்டிய காலம் இது.

சட்டபூர்வ நிலை இல்லாதோருக்குக் கலிபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள் சாதாரண உரிமம் தருகின்றன. வண்டி ஓட்ட அது உதவும், விமான நிலையத்தில் உதவாது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருந்தால் விதிப்படி அது ஏற்கப்படும். ஆனால் பயணிகளின் பெயர்கள் குடியேற்ற அமலாக்கத் துறைக்குத் தரப்படுவதாக 2025 டிசம்பரில் செய்திகள் வெளியான பின், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்து பேசும்படி மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

இவை எதுவும் இல்லாமல் விமான நிலையத்துக்கு வந்துவிட்டவருக்காக 2026 பிப்ரவரி 1 முதல் ‘கன்ஃபர்ம் ஐடி’ என்ற ஏற்பாடு உள்ளது. 45 டாலர் செலுத்தினால் பத்து நாள் பயணக்காலத்துக்கு வேறு வழிகளில் அடையாளத்தைச் சரிபார்க்க முயல்வார்கள். சரிபார்க்க முடியாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பணப்பையைத் தொலைத்தவருக்கு ஆபத்துக்கு உதவும் ஏற்பாடு இது, திட்டமிட்டுச் செல்லும் பயணத்துக்கு உரியதன்று.

குடியுரிமை பெறும் தருணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உறுதிமொழி எடுக்கும் நாளிலேயே கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இந்தியச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்றவுடன் இந்தியக் குடியுரிமை முடிவடைவதால், பழைய கடவுச்சீட்டையும் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் பின்னர் அதை ஒப்படைக்கும்போது அபராதம் வரலாம். கையில் மிஞ்சும் குடியுரிமைச் சான்றிதழ் டிஎஸ்ஏ பட்டியலில் இல்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க அதன் அசலையே அனுப்பவும் வேண்டும். கடவுச்சீட்டு வந்து சேரும் வரையிலான அந்த வாரங்களில், கிரீன் கார்டு இருந்த காலத்தில் வாங்கிய ரியல் ஐடி ஒன்றே உள்நாட்டு விமானம் ஏற்றும். அதை வாங்காதவர்கள் உறுதிமொழி நாளுக்குச் சில மாதங்கள் முன்பே டிஎம்விக்குப் போய்விட வேண்டும். தவறினால் கூடுதலாக 60 டாலர் செலுத்தி விரைவுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.