ராமநாதபுரத்தில் கேசட் மாற்றும் கடை: ஆச்சி குரலை நம்பிக் கொடுக்கலாமா?

ராமநாதபுரம் அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரீசார்ஜ், மெமரி கார்டு, டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) ரிப்பேர் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற சின்னக் கடை. பழைய கேசட்டைக் கொடுத்தால் பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கமிருந்து இங்கே வருபவற்றில் கடையில் வாங்கிய கேசட் குறைவு. இலங்கை வானொலியிலிருந்து வீட்டில் பிடித்தவைதான் அதிகம். ஒலிச்சித்திரம், நகைச்சுவைக் காட்சி, நடுநடுவே பாட்டு. எதைப் போட்டாலும் எங்கேயாவது ‘ஆச்சி’ மனோரமா குரல் வந்துவிடும். கடையின் வேலையை எடைபோட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பேச்சு, பாட்டு, சிரிப்பு மூன்றையும் ஒரே மூச்சில் தருகிற குரல் அது. மாற்றும்போது எங்கே கை தவறினாலும் காதில் இடிக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். வந்த கேசட்டை அப்படியே டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) செருகுவதில்லை. கரையோர வீடுகளில் உப்புக் காற்றில் கிடந்த கேசட்டில் முதலில் போவது நாடா அல்ல. நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுப் பேட். அதைத் தாங்கும் மெல்லிய தகடு அரித்து, பேட் கழன்று உள்ளே உருளும். பேட் இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கும், ஒரு பக்கம் வரும், போகும். அடுத்தது பூஞ்சை: நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக நிற்கும். அதோடு ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் கேசட்டுக்கும் போகும். இந்தக் கடையில் ஸ்க்ரூ கழற்றி, நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றி, முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிய பிறகுதான் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஆல்கஹாலில் துடைக்கிறார்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் பிளேடால் பிளப்பார்கள். பழைய கூடு திரும்பக் கிடைக்காது. மேலே எழுதிய சீட்டு வேண்டுமென்றால் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கோட்டை விடுவது வேகத்தில். வீட்டில் பிடித்த கேசட் பலவும் பேட்டரி போட்ட ரெக்கார்டரில் பிடித்தவை. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். வேறு நடிகை என்றால் தெரியாமல் போகலாம். மனோரமா ஏற்கெனவே குரலை உச்சிக்குக் கொண்டுபோய்க் கத்துகிறவர். அதற்கு மேல் அரைக் கட்டை ஏறினால் பொம்மை பேசுவது மாதிரி ஆகிவிடும். கரண்டில் பிடித்த கேசட் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். பேச்சில்லாத இடத்தில் அடியில் ஒரு ரீங்காரம் இருக்கும், அது 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். 53-ல் நின்றால் கேசட் நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடுகிறது. பேட்டரியில் பிடித்ததற்கு, அதில் வரும் பாட்டைப் படத்தின் அசல் பாட்டோடு சுருதி ஒப்பிடுவதுதான் வழி. கேட்டால் செய்து தருகிறார்கள். கேட்காவிட்டால் செய்வதில்லை. கேசட்டின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி ஒரே சீராக இறங்கியிருக்காது.

இரைச்சல் நீக்கம் இன்னொரு வம்பு. ‘கிளீன் சவுண்டு’ என்று முழு வீச்சில் போட்டுத் தள்ளுகிறார்கள். ‘ச’, ‘ஸ’ மழுங்கி, வசனத்துக்கு நடுவே ஆச்சி இழுக்கிற மூச்சும் போய், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. அந்த மூச்சில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது! மத்திய அலை ஒலிபரப்பில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக எதுவும் வராது. அதற்கு மேலுள்ளதை மட்டும் வெட்டினாலே உஸ்ஸென்ற சத்தம் அடங்கும். குரலைத் தொட வேண்டியதில்லை. டிரெபிளைக் கூட்டினால் சத்தம்தான் கூடும். எதற்கும், கை வைக்காத வேவ் கோப்பு ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நிமிடத்துக்குப் பத்து எம்பி வரும். 90 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய 900 எம்பி. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் அறிவிப்பையும் விளம்பரத்தையும் ‘வேஸ்ட்’ என்று வெட்டுகிற பழக்கமும் உண்டு. ‘எதையும் வெட்ட வேண்டாம்’ என்று பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

கடையின் பெரிய ஓட்டை பாட்டுப் பட்டியல். மனோரமா வாயசைத்ததையெல்லாம் ‘பாடியவர்: மனோரமா’ என்று அடித்துத் தருகிறார்கள். இந்தக் கடற்கரை முழுக்கச் செல்லமான ‘முத்துக் குளிக்க வாரீகளா’ (அனுபவி ராஜா அனுபவி, 1967) பாட்டில் நாகேஷோடு ஆடுவது மனோரமா, பாடியது டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும். 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாளில் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணிக்கு வரும் ‘பாண்டியன் நானிருக்க’ பாட்டும் ஈஸ்வரி குரல்தான். அதே ஆண்டு பொம்மலாட்டம் படத்தில், வி. குமார் இசையில், ‘வா வாத்யாரே வூட்டாண்ட’ என்று மெட்ராஸ் பாஷையில் வெளுத்துக் கட்டுவது மனோரமாவின் சொந்தக் குரல். மே மாதம் (1994) படத்தின் ‘மெட்ராஸைச் சுத்திப் பார்க்க’ பாட்டிலும் அவர் குரல் இருக்கிறது; கடைப் பட்டியலில் அங்கே பெயரே இல்லை.

இது சின்னத் தப்பில்லை. மன்னார்குடியில் 1937-ல் பிறந்த கோபிசாந்தா, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் பாடி, ஆடி, பேசித்தான் மனோரமா ஆனார். 1985-ல் மாவட்டம் பிரியும்வரை பள்ளத்தூரும் ராமநாதபுரம் மாவட்டம்தான். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கையில் திரைக்கு வந்தார், 1963-ல் கொஞ்சும் குமரியில் கதாநாயகி. ஆயிரம் படம், கின்னஸ், 2002-ல் பத்மஸ்ரீ எல்லாம் ஊருக்கே தெரியும். பாடகி என்கிற பக்கம்தான் மறந்துபோகிறது. அதில் தப்பான பெயர் ஏறினால் அவருக்கும் ஈஸ்வரிக்கும் சேர்ந்தே அநியாயம். பட்டியலை அடிக்க விடாதீர்கள். வெறும் எண் போட்டு வாங்கி, வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்வரி குரல் மெட்டைப் பிடித்து வழுக்கும். மனோரமா பாட்டிலும் பேசுவார், சொல்லின் கடைசியை நறுக்கி விடுவார். இரண்டு பாட்டு கேட்டால் போதும், காது பிரித்துவிடும்.

கட்டணம் 60 நிமிடக் கேசட்டுக்கு 150 ரூபாய், 90-க்கு 200. பேட் மாற்ற 30 தனி. 90 நிமிடக் கேசட் ஓட 90 நிமிடம் ஆகத்தான் செய்யும், ‘முக்கால் மணியில் ரெடி’ என்று எவராவது சொன்னால் இரட்டை வேகத்தில் ஓட்டுகிறார் என்று அர்த்தம். இங்கே அப்படிச் செய்வதில்லை, ஒரு வாரம் கேட்கிறார்கள். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் மாதங்களில் மணல் தூசி உள்ளே வருவதால் டெக்கை மூடியே வைக்கிறார்கள், இன்னும் தாமதமாகும். 45 சுழற்சி இசைத்தட்டும் எடுப்பார்கள். 78 சுழற்சிக்கு வேண்டிய தடித்த ஊசி கிடையாது, கொண்டுபோக வேண்டாம்.