டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டை: பிக்கப்பின் முன்பக்கச் சத்தத்தோடு 44,000 கிலோமீட்டர்

காரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன்தான் முதலில் பார்த்தான். மேட்டுப்பாளையம் மண்டியில் இடம் கிடைக்காமல், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைக் கோணலாகச் சொருகி நிறுத்தியிருந்தேன். "அண்ணா, முன் டயர்ல கம்பி தெரியுதுங்ணா" என்றான். நான் நம்பவில்லை. காலையில்தான் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு மலை ஏறியிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (டயரின் ரப்பர்க் கட்டைகள்) எல்லாம் நன்றாகவே இருந்தது. குனிந்து உள்பக்கம் பார்த்தேன். இடது முன் டயரில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. வழுவழுவென்று இருந்த அந்த இடத்தில் கம்பி நூல்நூலாகப் பிரிந்து நின்றது. அந்த டயரோடுதான் லோடு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்திருக்கிறேன்.

அந்த டயர் ஓடியது வெறும் 19,000 கிலோமீட்டர். வண்டியோடு வந்த முதல் செட் 62,000 ஓடியது. அதே டிரைவர், அதே ரோடு.

வண்டி 2019இல் புதிதாக எடுத்தது. இப்போது மீட்டரில் 1,18,000. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முன்னால் மேல் கை, கீழ் கை என்று இரண்டு ஆர்ம், கீழ் ஆர்ம் மேல் உட்காரும் காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை. இந்த அமைப்பில் ஓடும் எந்த வண்டிக்கும் என் கதை பொருந்தும். கேத்தி, கோத்தகிரிப் பக்கம் காரட்டும் கோஸும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறக்குவதுதான் பிழைப்பு. ஏறும்போது வண்டி காலி, இறங்கும்போது முழு லோடு. அதாவது வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் மேல் வரும் நேரத்தில்தான் சரக்கும் இருக்கிறது. இந்தச் சின்ன விஷயம்தான் கடைசியில் விடையாக வந்தது. அது புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

சத்தம் ஆரம்பித்தது 74,000 வாக்கில். ஐம்பதைத் தாண்டினால் முன்னாலிருந்து "ஊ..." என்று ஒரு இரைச்சல், வேகம் கூடக் கூடக் கூடும். நியூட்ரலில் விட்டாலும் நிற்காது, அதனால் இன்ஜினோ கியர்பாக்ஸோ இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும், "வீல் பேரிங் போயிருச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். இடது முன் பேரிங் மாற்றினேன், கூலியோடு 4,200 ரூபாய். திரும்பி வரும்போதே காரமடை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, அதே "ஊ".

பேரிங் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் பிரிக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. காலியான அகலமான ரோட்டில் அறுபதில் போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடது வீலில் விழும். அப்போது இரைச்சல் கூடி, இடப்பக்கம் திருப்பும்போது குறைந்தால் பெரும்பாலும் இடது பேரிங்தான். டயர் சத்தம் இதற்கு அவ்வளவாக மாறாது. ஆனால் ரோடு மாறினால் மாறும். புதுத் தாரில் ஒரு குரல், சொரசொரப்பான பழைய ரோட்டில் வேறு குரல். அதிலும் சந்தேகம் என்றால் முன் டயர்களைப் பின்னால் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். இரைச்சலும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் பேரிங்கின் மேல் பழி போட வேண்டாம்.

அப்புறம் கைவைத்தியம் ஒன்று. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் தேங்காய்த் துருவி மாதிரி விரலைப் பிடித்தால் டோ தப்பு, அதாவது இரண்டு முன் வீலும் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்க்கின்றன. சுற்றளவு வழியாகத் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், ஏதோ ஒரு ஜாயிண்ட் ஆடலாம், பேலன்சிங் போயிருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். (பங்க்கில் நான்கு வீலுக்கும் ஒரே கணக்கில் அடித்துவிடுவார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு, கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும். லோடு வண்டிக்காரர்கள் பாதிப் பேர் அந்த ஸ்டிக்கரைப் படித்ததே இல்லை, நானும் அதில் ஒருவன்.) ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பரோ (வீலின் தலைப்பாகம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவோ சரியில்லை. என் டயரில் உள் ஓரத்தில் தேய்மானம், துருவிப் பல், மேடுபள்ளம் மூன்றும் இருந்தன. இரைச்சல் அந்தப் பல்லிலிருந்தும் மேடுபள்ளத்திலிருந்தும்தான் வந்திருக்கிறது. நோய் வேறெங்கோ இருக்க, அதன் அடையாளத்துக்கு 4,200 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

வீல்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் அலைன்மெண்ட் பார்த்தேனா என்றால், பார்த்தேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எல்லாக் கட்டத்தையும் பச்சையாகக் காட்டித் தாளும் அச்சடித்துக் கொடுத்தது. மூவாயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் மறுபடி கோணல். "டயர் சரக்கு சரியில்லை, வேற கம்பெனி போடுங்க" என்றார் ஒருவர். "உள்பக்கத்தை வெளியே வர்ற மாதிரி மாத்திப் போட்டா இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம்" என்றார் இன்னொருவர். அது தப்பான யோசனை இல்லைதான், ஆனால் என் டயரில் மாற்றிப் போட எதுவும் மிஞ்சவில்லை. 81,000இல் முன்னால் இரண்டும் புதிது போட்டேன், 13,000 ரூபாய்.

இரைச்சல் அன்றே நின்றது. டயர்தான் கத்தியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அதுவரை இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போதும், பிரேக்கில் முதலில் கால் வைக்கும்போதும் இடது பக்கம் ஒரு "டொக்". ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இந்த முறை உஷாராகி, டயர் ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உள், நடு, வெளி என்று மூன்று எண் எழுதினேன். புதிதில் மூன்றும் 8 மில்லிமீட்டர். ஐயாயிரம் ஓடியதும் வெளி 7.4, நடு 7.2, உள் 6.1. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரத்திலேயே நோட்டு சொல்லிவிட்டது.

நோட்டோடு போனது காரமடைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நோட்டைப் பார்த்தார், டயரைத் தடவினார், "சேஸிஸ்ல ஜாக்கி போட்டுப் பாத்திருப்பாங்க" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டுக்குப் பக்கமாக வைத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்கினார். சேஸிஸில் தூக்கினால் வீல் தொங்கும், ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஜாயிண்டில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் வெளியே தெரியாது. ஆர்மையே தாங்கிப் பிடித்தால் ஸ்பிரிங்கின் பாரம் ஜாக்கிக்குப் போய்விடும், ஜாயிண்ட் சும்மா இருக்கும்.

டயருக்கு அடியில் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். டொக். டயர் மாற்றியதிலிருந்து நான் கேட்ட அதே சத்தம், நின்ற வண்டியில். "இங்க விரல வைங்க தம்பி" என்று பால் ஜாயிண்டின் மேல் என் விரலை வைத்து மறுபடி நெம்பினார். ஒவ்வொரு நெம்புக்கும் விரலுக்கடியில் இரும்பு துள்ளியது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு. பிறகு வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக்கொண்டே, "ஏறி பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன், ஆட்டம் நிற்கவில்லை. "பேரிங் ஆட்டமா இருந்தா பிரேக் மிதிச்சதும் நின்னுரும். இது நிக்கல பாருங்க, அந்தப் பேரிங்க நீங்க சும்மா மாத்திருக்கீங்க."

கீழ் ஆர்மின் பின் புஷ்ஷும் (ஆர்மை சேஸிஸோடு பிடிக்கும் ரப்பர்) கிழிந்திருந்தது. அலைன்மெண்ட் ஏன் நிற்கவில்லை என்பது இங்கேதான் விளங்கியது. மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. மலையிலிருந்து லோடோடு பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது கிழிந்த புஷ் விட்டுக்கொடுக்கும், ஆர்ம் பின்னால் நகரும், வீல் பார்க்கும் திசை மாறும். ஆடும் பால் ஜாயிண்ட் வீலின் அடிப்பாகத்தை வெளியே தள்ளும், தலைப்பாகம் உள்ளே சாயும். உள் ஓரம் தேயாமல் என்ன செய்யும்? தாளில் எல்லாம் பச்சை, ரோட்டில் தினமும் இரண்டு மணி நேரம் தப்பு. இடது பக்கம் ஏன் முதலில் போனது என்றால், எதிரே பஸ் வரும்போதெல்லாம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி ஏறுவது அந்த வீல்தான்.

அதைவிட, அந்த ஜாயிண்ட் கழன்றுகொண்டால் வீல் அப்படியே மடிந்து படுத்துவிடும். அவர் அதைச் சொன்ன பிறகு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

இரண்டு பக்கமும் கீழ் பால் ஜாயிண்ட், நான்கு புஷ், ஒரு ஸ்டெபிலைசர் லிங்க். கூலியோடு 7,400. ஒரு வேலையை மட்டும் அவர் பையன்களிடம் விடவில்லை. புஷ் போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னால் இரண்டு பேரை ஏறி நிற்கவைத்துக் குலுக்கி, அதற்குப் பிறகுதான் இறுக்கினார். வீல் தொங்கும்போது இறுக்கினால், தரையில் நின்றதும் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அதன் பிறகு அலைன்மெண்ட்: முதலில் கேம்பர், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசை.

இது 86,000இல் நடந்தது. அதற்குப் பிறகு 32,000 ஓடிவிட்டது. அதே டயர்கள், வேண்டுமென்றே இடம் மாற்றாமல் வைத்திருக்கிறேன். நேற்றைய அளவு வெளி 3.6, உள் 2.4. வித்தியாசம் 1.2 இருக்கிறதே என்று கேட்காதீர்கள், முதல் ஐயாயிரத்திலேயே 1.3 இருந்தது. அதற்கு மேல் வளரவில்லை. பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தை உள் ஓரம் தொட்டதும் மாற்றிவிடுவேன்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காசை மிச்சம் பிடிக்க வலது பக்கம் போட்ட மலிவான பால் ஜாயிண்டின் உறை 20,000 கிலோமீட்டர் ஓடியதும் வெடித்துவிட்டது. விலை கூடியதைப் போட்டேன், கூலி இரண்டாம் முறை தண்டம். பின்னால் கூடுதல் பட்டை ஒன்று சேர்த்ததும் இன்னொரு தப்பு. காலியாக ஏறும்போது பின்பக்கம் தூக்கி நின்றது, ஸ்டியரிங் லேசாகி அலைபாய்ந்தது. அலைன்மெண்ட் தாளில் காஸ்டர் (வீல் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருப்பது தெரிந்தது. பட்டையைக் கழற்றிய பிறகு சரியானது, மூட்டையில் நாலைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு சத்தம் பாக்கி. கோத்தகிரியில் பனி விழும் காலைகளில், முதல் திருப்பத்தில் மட்டும் "கிரீச்" என்று ஒரு முனகல். வண்டி சூடானதும் போய்விடுகிறது. ஜாக்கியை ஆர்முக்கு அடியில் வைத்து நானே நெம்பிப் பார்த்துவிட்டேன், ஆட்டம் இல்லை. மேல் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம். அடுத்த டயர் மாற்றும்போது கழற்றிப் பார்ப்பதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.