கேரவன் ஒயரிங்: சால்டரா, கிரிம்பா?

வண்டி ஓடும்போது கேரவனின் சுவரும் தரையும் ஓயாமல் அதிரும். ஒயர் இணைப்பில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

சால்டர் என்பது உலோகக் கலவையை உருக்கி ஒயர்களை ஒட்டுவது. ஒழுங்காகச் சால்டர் வைத்தால் மின்தடை மிகக் குறைவு. சிக்கல் வேறு இடத்தில். உருகிய சால்டர் செம்பு இழைகளுக்குள் ஊறி, இன்சுலேஷனுக்கு அடியிலும் கொஞ்ச தூரம் ஏறிவிடும். அங்கே ஒயர் குச்சிபோல் விறைத்துப்போகும். விறைப்பு முடிகிற இடத்தில் வளைந்து வளைந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். தவிர, 63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

கிரிம்ப் என்பது உலோகக் கனெக்டரை ஒயர்மேல் நசுக்கி இறுக்குவது. இதில் அந்த விறைப்பு ஏறாது. ஆனால் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதெல்லாம் கிரிம்ப் ஆகாது! முழுதாக நசுங்கும்வரை பிடியை விடாத ராட்செட் கிரிம்பரும் ஒயர் தடிமனுக்கேற்ற கனெக்டரும் வேண்டும். நசுக்கியதும் இழுத்துப் பாருங்கள். கழன்றால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

எதுவானாலும் மேலே உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கிக் கவ்வும் குழாய்) போடுங்கள். சூடாக்கும்போது இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்க வேண்டும். டேப் சூட்டில் இளகி உரிந்துவிடும்.

சர்க்யூட் போர்டு வேலைக்கு மட்டும் நான் சால்டர் பக்கம். சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸில் ஆசிட் வகை மட்டும் வேண்டாம், செம்பை அரித்துவிடும்.