வார்டா, பட்டியலா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அரசியலுக்கு ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு வாசல்: டர்பன் மாநகராட்சியில் வார்டு கவுன்சிலர், இல்லையென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணச் சட்டமன்றம்.

சட்டமன்றத்துக்கு 80 இடம். தொகுதி கிடையாது. வாக்குச்சீட்டில் மக்கள் கட்சியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; கட்சியின் வேட்பாளர் பட்டியலில் நீங்கள் மூன்றாவதா முப்பதாவதா என்பதைத் தீர்மானிப்பது தலைமை. (2024 முதல் சுயேச்சைகளும் நிற்கலாம், ஜெயிப்பது வேறு கதை.) பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றிப் பேசலாம், மாகாண அமைச்சர்கூட ஆகலாம். கட்சி நீக்கினால் பதவியும் போச்சு, பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார்.

வார்டு அப்படியில்லை. மாநகராட்சியின் 222 கவுன்சிலர்களில் 111 பேர் வார்டில் நின்று நேரடியாக ஜெயித்தவர்கள். கட்சியைவிட்டுப் போனால் இவர்களுக்கும் பதவி போகும். ஆனால் இடைத்தேர்தல் வரும், சுயேச்சையாக அதே மக்களிடம் திரும்பப் போகலாம். என் கணக்கில் இது ஒன்றே பெரிய வித்தியாசம்.

விலையும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் விடமாட்டார்கள்: "என்ன தம்பி, மூணு நாளா தண்ணி வரல, நீங்க கறிவேப்பிலை வாங்குறீங்களா?" 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாநகராட்சியின் வடக்கே இருக்கும் டோங்காட் பகுதியின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாய் காய்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஜனங்கள் சட்டமன்ற உறுப்பினரின் நம்பரைத் தேடுவதில்லை, கவுன்சிலர் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் வார்டு. காவடி வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது தோளைத் தட்டிக் குழி விழுந்த ரோட்டைப் பற்றிக் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருந்தால்.