ஹோ சி மின் நகரில் வோவினாம் போட்டி: வெளியூர் அணிகளைக் கவனித்த விதம்

சுருக்கமாகச் சொன்னால், எங்களைக் கவனித்துக்கொண்ட ஆட்கள் தங்கமானவர்கள். தகவல்தான் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹோ சி மின் நகரில் நடந்த ஒரு சர்வதேச வோவினாம் போட்டிக்கு மதுரைப் பிள்ளைகளை அழைத்துப்போய் வந்தேன். அடுத்து போகப்போகும் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வோவினாம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1938-ல் ஹனோயில் நுயென் லோக் தொடங்கிய வியட்நாமியத் தற்காப்புக் கலை இது. நீலச் சீருடை, வலது கையை நெஞ்சில் வைத்துக் குனியும் வணக்கம், பறந்து போய் இரண்டு காலாலும் எதிராளியின் கழுத்தைக் கத்தரிபோல் பிடித்து வீழ்த்தும் உத்தி, இதெல்லாம் அதன் அடையாளம். முதல் உலகப் போட்டி 2009-ல் இதே ஹோ சி மின் நகரில் நடந்தது. 2017-ல் நம் டெல்லியிலேயே நடத்தினார்கள்.

அழைப்புக் கடிதம் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். இ-விசா நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஒருமுறை நுழைய 25 டாலர். தங்கும் இடம், சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்துப் பங்கேற்புக் கட்டணத்தை டாலர் நோட்டாக அங்கே போய்க் கட்டச் சொன்னார்கள். மடிப்பு விழுந்த நோட்டு, ஓரம் கிழிந்த நோட்டு எதையும் வாங்கவில்லை. புது நோட்டாகப் பார்த்து மாற்றிக்கொண்டு போங்கள்.

என் மனசைத் தொட்ட ஏற்பாடு ஆயுதங்கள்தான். கம்பையும் வாளையும் விமானத்தில் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று சிலம்பப் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிப்போன ஆசான்களுக்குத் தெரியும். இங்கே அரங்கிலேயே ஆயுதம் தந்தார்கள். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை. வாள்கள் ஒரு பக்கம், கம்புகள் உயரவாரியாக இன்னொரு பக்கம். து துவோங் கோன் ஃபாப் என்கிற கம்பு வரிசை ஆடவேண்டிய எங்கள் பெண், முதலில் எடுத்த கம்பைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், முனை கனமா இருக்கு" என்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவருக்கு நம் பேச்சு புரிய வாய்ப்பே இல்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். அந்தக் கம்பை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு மூன்றைக் கையில் தூக்கி எடை பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, பிடிக்கும் இடத்தில் ஒரு சுற்று துணி டேப்பும் ஒட்டிக் கொடுத்தார். அவரும் இந்தக் கலையில் ஊறியவர்தான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. இப்படி ஒருவரை அந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்று யோசித்த அமைப்பாளருக்கு ஒரு கும்பிடு.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு கல்லூரி மாணவரை உதவிக்குப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்த பெண் காலையில் பேருந்து கிளம்புமுன் வருவாள், ராத்திரி கடைசிப் பிள்ளை அறைக்குப் போன பிறகுதான் கிளம்புவாள். முதல் நாள் மதியம் பொட்டலத்தில் பன்றி இறைச்சி. எங்களில் பாதிப் பேர் சைவம், மீதிப் பேரும் கோழி, முட்டை தவிர வேறு தொடமாட்டார்கள். காய்கறியில்கூட மீன் சாறு வாடை. சைவம் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தோம், அது சமையல்காரர் வரை போகவே இல்லை. அந்தப் பெண் வண்டியை எடுத்துக்கொண்டு போய் 'சாய்' என்று பலகை போட்ட கடையிலிருந்து சோறும், எலுமிச்சைப்புல் போட்டு வறுத்த டோஃபுவும் வாங்கி வந்தாள். பௌத்தர்கள் விரத நாளில் சாப்பிடும் சைவக் கடைகள் அவை, ஊரெங்கும் இருக்கின்றன. மறுநாளிலிருந்து வேளை தவறாமல் அங்கிருந்தே வந்தது. காலையில் பான் மீ என்கிற வியட்நாமிய ரொட்டி. பிள்ளைகள் வயிறார சாப்பிட்டார்கள்.

அப்புறம் தகவல் விஷயம். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். எடை பார்க்கும் நேரம், சுற்று அட்டவணை, எந்தத் தளத்தில் யார், எல்லாமே ஸாலோ (வாட்ஸ்அப் மாதிரி வியட்நாமியச் செயலி) குழுவில் வியட்நாமிய மொழியில் மட்டும் வரும். ஆங்கிலத்தில் வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். எடை பார்ப்பதைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றியது எங்களுக்குத் தெரிந்ததே அந்த மாணவி ஓடிவந்து சொன்னதால்தான். 60 கிலோ பிரிவில் நிற்கும் பையன் அதற்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தான். எடைக்குள் வந்துவிட்டான், ஆனால் அந்த அரைமணி நேரம் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பட்டினி கிடந்து எடை குறைக்கிற பிள்ளைக்கு இப்படிச் செய்யக் கூடாது.

பெயர் குழப்பம் வேறு. வியட்நாமியருக்குக் குடும்பப் பெயர் முன்னால், கூப்பிடும் பெயர் கடைசியில். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் கடைசியில் இருப்பது அப்பா பெயர். ஆக, ஒலிபெருக்கியில் அப்பாக்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு சிறுமி தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாவது அழைப்பில் நான்தான் சுதாரித்து அனுப்பினேன். பதிவு செய்யும்போதே எந்தப் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தளத்தில் குறை சொல்ல இடமில்லை. முன்னே சொன்ன, கழுத்தைக் காலால் பிடித்து வீழ்த்தும் உத்திப் பிரிவில் ஆறடி உயரத்திலிருந்து முதுகு தரையில் அறையும். விரிப்புகளுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விழுந்தாலும் கணுக்கால் போய்விடும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரண்டு தன்னார்வலர்கள் ஓடிவந்து இணைப்புகளைக் காலால் மிதித்துச் சேர்த்துவிட்டுத்தான் அடுத்தவரை விட்டார்கள். மருத்துவரும் தளத்தின் ஓரத்திலேயே இருந்தார். நடுவர்களும் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். தோற்ற ஆட்டங்களில்கூட எனக்கு மறுபேச்சு இல்லை.

ஓய்வு நாளில் எல்லா அணிகளையும் சூ வான் ஹான் தெருவில் இருக்கும் வோவினாமின் தலைமை இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். நிறுவனருக்குப் பின் 1960-லிருந்து இந்தக் கலையைக் கட்டிக் காத்த லே சாங் 2010-ல் மறையும் வரை வாழ்ந்த வீடு. ஊதுபத்தி ஏற்றி வரிசையாக நின்று வணங்கினோம். ஒன்றோடொன்று மோதிய அணிகள் அங்கே ஒரே நீலத்தில் ஒன்றாக நின்றதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. வழக்கமான ஊர்சுற்றலைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அன்று சாயங்காலம் நாங்களாகவே ட்ரூவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் போய்வந்தோம். அந்தக் காலத்தில் இங்கே வந்த தமிழர்கள் கட்டிய கோயில். இப்போது கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லை.

அமைப்பாளர்களுக்கு இரண்டு விஷயம் எழுதி அனுப்பியிருக்கிறேன்: அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் அதே நேரத்தில் போடுங்கள், எடை பார்க்கும் நேரத்தை எக்காரணம் கொண்டும் முந்தைய இரவுக்குப் பிறகு மாற்றாதீர்கள். அடுத்த முறை அழைத்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். கம்பையும் வாளையும் தாராளமாக வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.