போனி மில்லினர் ஊசி: புல்லியன் ரோஸ் போட்டுப் பார்த்த பிறகு

மகளின் குழந்தைக்கு வெள்ளை மல் துணியில் ஒரு கவுன் தைத்தேன். கழுத்தை ஒட்டி வரிசையாகச் சின்ன ரோஜாப் பூக்கள் வரவேண்டும் என்று ஆசை. அந்தப் பூவுக்குப் புல்லியன் முடிச்சு தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்ச் நாட் என்ற முடிச்சு எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வரும். ஊசியில் ஒரு சுற்று, இல்லை இரண்டு சுற்று. இறக்கினால் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். புல்லியன் அப்படியில்லை. பத்துச் சுற்றுக்கு நடுவே ஊசி முழுசாகப் புகுந்து வெளியே வரவேண்டும்.

ஆன்லைனில் வாங்கிய ஒரு எம்பிராய்டரி செட்டில் கிடந்த ஊசியை வைத்துத்தான் ஆரம்பித்தேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். சுற்றுவது அழகாக வரும்; ஊசியை இழுக்கும்போது அதன் காது வந்து சுற்றில் முட்டி நிற்கும். பலமாக இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நூல் பஞ்சு பஞ்சாகி அறுந்துபோகும். மெல்லிய துணி வேறு, இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வந்த ஊசி வேலை இங்கே பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பெரியம்மா துணியைப் பார்க்கவே இல்லை. ஊசியை வாங்கி, காது இருக்கும் பக்கத்தை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். "ஒனக்க கை நல்ல கைதான் மக்களே, ஊசிதான் கொள்ளாது" என்றார்.

நானும் உருட்டிப் பார்த்தேன். தண்டு மெலிசாக இருக்கிறது, காது வரும் இடத்தில் வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. சாதாரண எம்பிராய்டரி ஊசி எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். பல இழை கோர்க்க வேண்டும் என்பதால் காதை நீளமாக, அகலமாக வைத்திருப்பார்கள். புல்லியனுக்கு வேண்டியது மில்லினர் ஊசி. அதில் காது சின்னது, வட்டமானது. தண்டும் காதும் ஒரே பருமன். தொப்பி தைப்பவர்களுக்காக வந்த ஊசி, அதனால்தான் அந்தப் பெயர். ஸ்ட்ரா ஊசி என்றும் சொல்வார்கள்.

கோட்டாற்றில் இரண்டு கடையில் மில்லினர் என்று கேட்டபோது தெரியவில்லை என்றார்கள். மூன்றாவது கடையில் "நீளமா இருக்கும், காது சின்னதா இருக்கும்" என்று சொன்னதும் போனி பாக்கெட்டை எடுத்துத் தந்தார்கள். விலை நூறு ரூபாயைத் தொடவில்லை. இது நம் நீலகிரி ஊசி. ஊட்டி ரயிலில் போகும்போது கேத்தி என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்த ஊரில் 1949-இல் தொடங்கிய கம்பெனி.

வீட்டுக்கு வந்து பழைய துணியில் முதல் முடிச்சைப் போட்டேன். பத்துச் சுற்று. இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றை லேசாகப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஊசி எங்கும் தட்டாமல், எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நூலைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுத்ததும் பத்துச் சுற்றும் புழு மாதிரி நெருங்கிப் படுத்துக்கொண்டன. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கக்கூட மறந்து போட்டுக்கொண்டே இருந்தேன்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு என் கைக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். எம்பிராய்டரி வளையத்தில் துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். ஊசி துணியை அள்ளிக்கொண்டு வர இடம் வேண்டும். சுற்றை இறுக்கவே கூடாது, தண்டை அணைத்திருந்தால் போதும். சுற்றச் சுற்ற நூலின் முறுக்கு அவிழ்ந்து இழை பிரிந்தால், மறு திசையில் சுற்றுங்கள். எத்தனை சுற்று என்பதற்குக் கணக்கு எளிது: துணியில் விட்ட இடைவெளியும் ஊசியில் சுற்றின நீளமும் ஒன்றாக இருந்தால் முடிச்சு நேராக நிற்கும். இரண்டு மூன்று சுற்று கூடினால் வளையும். ரோஜா இதழுக்கு அந்த வளைவுதான் உயிர். நடுவில் ஏழு சுற்றில் இரண்டு முடிச்சு பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதைச் சுற்றிப் பத்து, பன்னிரண்டு சுற்றில் இதழ்களை ஒன்றின் தோளில் ஒன்று ஏறும்படி வைத்தேன்.

நூல் ஆங்கர் கம்பெனியுடையது. ஒரு கண்டில் 8 மீட்டர், 6 இழை. நான் இரண்டு இழை பிரித்து எடுத்தேன். நடுவுக்கு அடர் ரோஸ், வெளி இதழுக்கு வெளிர் ரோஸ்.

ஊசியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். காது சின்னது என்பதால் கோர்ப்பது சிரமம். என் கண்ணுக்குக் கண்ணாடி போட்டும் பகல் வெளிச்சம் வேண்டியிருக்கிறது. நூல் முனையைச் சாய்வாக வெட்டி, நனைத்து, நகத்தால் தட்டையாக்கிக் கோர்த்தால் போகும். எந்த மில்லினர் ஊசி வாங்கினாலும் இது இருக்கும். நம்பர் கூடக் கூட ஊசி மெலிசாகும், காதும் சுருங்கும். அதனால் பல நம்பர் கலந்த பாக்கெட்டாக வாங்குங்கள். சாட்டின், சங்கிலித் தையலுக்கு இந்த நீளம் தேவையில்லை, பழைய ஊசியே போதும். புல்லியனுக்கு மட்டும் இதை விட்டுவிட்டு வேறு எடுக்க மாட்டேன்.

கவுனில் ஒன்பது ரோஜா முடிந்தது. ஓட்டை விழுந்த இரண்டு இடத்தின் மேலும் பூ வந்துவிட்டது. இலை மட்டும் பாக்கி.