சிங்கப்பூரில் அப்பாவுக்குச் சீன வைத்தியம் தேடிய அனுபவம்

பெர்த்திலிருந்து இந்த முறை சிங்கப்பூர் போனது அப்பாவுக்காகத்தான். நீரிழிவால் அவருடைய சிறுநீரகம் மெல்லக் கெட்டு, இப்போது மூன்றாம் நிலையில் இருக்கிறது. பலதுறை மருந்தகத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறார். ஆனாலும் சீன வைத்தியமும் பார்க்கலாமே என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. அதில் வியப்பில்லை. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் பார்க்காமல் இலவசமாக வைத்தியம் செய்துவந்த ஊர் அது.

முதலில் ஒரு மருந்துக்கடைக்குப் போனோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், பெயர் ஒட்டாத பொடிப் பொட்டலத்தை நீட்டினார்கள். என்ன மூலிகை என்று கேட்டால், பக்கவிளைவே இல்லை என்பதுதான் பதில். வாங்காமல் வந்துவிட்டோம்.

எனக்குப் பயம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங் ஜி என்ற மூலிகை வேருக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருள்ள இன்னொன்று கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்துச் செடிகள்தாம். மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நம்புகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம், சிங்கப்பூரில் சீன வைத்தியர்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். அவர் உட்காரச் சொன்னதுமே ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். மண்ணீரலும் சிறுநீரகமும் பலவீனப்பட்டு நீரும் கழிவும் தேங்குகின்றன என்று தங்கள் முறைப்படி விளக்கினார். இதற்கு வழக்கமாக ஹுவாங் சீ என்ற மூலிகை வேரைச் சேர்ப்பார்களாம். கழிவை மலத்தோடு வெளியேற்ற டா ஹுவாங் என்ற இன்னொரு வேரும் உண்டு. அது பேதியாக்கும், அப்பாவுக்கு வேண்டாம் என்றார். ரத்த அழுத்தம் ஏறும் என்று அதிமதுரத்தையும் விட்டுவிட்டார். “அங்கிள், மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை சொல்லி, மூலிகைப் பெயர்களையும் அளவையும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டினோம். இந்த மூலிகைகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். முதலில் பொட்டாசியம் அளவைப் பார்ப்போம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை அப்பா கஷாயம் தொடங்கவில்லை.